வேலையை விடாமல் சி.ஏ.வா, சி.எம்.ஏ.வா, எம்.காமா? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு ஒப்பீடு

பி.காம். முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டுக் கம்பெனியிலோ, நம்ம சித்தூர் (ஆந்திரச் சித்தூர் இல்லை) ஆடிட்டர் ஆபீஸிலோ, பொள்ளாச்சித் தேங்காய் மண்டியிலோ கணக்கு எழுதுகிறவர்கள் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். சேர்ந்து ஒரு வருஷம் ஆனதும் பெரும்பாலும் ஒரே யோசனைதான் வருகிறது: ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ.வா, செலவுக் கணக்குப் படிப்பான சி.எம்.ஏ.வா, தபால் வழியில் எம்.காமா? "அண்ணா, வேலையை விட வேண்டாம்னு வீட்ல சொல்றாங்க. வேலை பார்த்துக்கிட்டே சி.ஏ. பண்ண முடியுமா? இல்ல சி.எம்.ஏ. போயிரலாமா? எம்.காமையும் கரஸ்ல போட்டு வச்சுக்கட்டுமா?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது பெரிய படிப்பு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஆபீஸில் எந்த மாதம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது, அந்தப் படிப்பின் பரீட்சை எந்த மாதம் வருகிறது, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். மீதிப் பாதி, இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் வீடு தாங்குமா என்பதைப் பொறுத்தது.

இந்த இரண்டு வருஷக் கதை சி.ஏ.வுக்கானது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதத் தேவையில்லை. நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். காமர்ஸ் அல்லாத டிகிரிக்கு 60 சதவீதம் வேண்டும். பதிவு செய்து எட்டு மாதம் கழித்து இன்டர் எழுதலாம். இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம். இந்தக் கட்டம் வரை வேலையில் இருந்துகொண்டே தாராளமாகப் படிக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. இன்டர் முடிந்த பிறகுதான் சிக்கல். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி இன்டரில் இரண்டு குரூப்பும் பாஸ் செய்த பிறகுதான் ஆர்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. மூன்று வருஷமாக இருந்தது இரண்டாகக் குறைந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அந்த இரண்டு வருஷமும் முழுநேரப் பயிற்சி. வாரத்துக்கு 35 மணி நேரம், வருஷத்துக்கு 12 நாள் லீவு. கம்பெனி வேலையையும் ஆர்டிகிள்ஷிப்பையும் சேர்த்துப் பார்க்க வழியே கிடையாது. 'பேருக்கு ஒரு ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம்' என்று காதில் ஓதுகிற அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சி.ஏ. படிப்பை நடத்தும் இன்ஸ்டிடியூட்டுக்கு (ஐ.சி.ஏ.ஐ.) தெரிந்தால் பயிற்சிக் காலமே ரத்தாகும், ஆடிட்டர் மேலும் நடவடிக்கை வரும். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆர்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் ஸ்டைபண்டு, கஞ்சிக்கோட்டில் அக்கவுண்டண்ட் வாங்கும் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். அந்த ஆறு மாதம் படிப்பதற்கென்றே கொடுத்த இடைவெளி. கையில் காசு இல்லாதவர் அப்போது வேலைக்குப் போய்விடுவார், போனவரிடம் ஃபைனல் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே சி.ஏ. பற்றி வீட்டில் பேசும்போது ஃபீஸைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டிய தொகை ஒன்று உண்டு: இரண்டரை வருஷச் சம்பளம். வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், அப்பாவின் மருந்துச் செலவு, இதில் எது உங்கள் தலையில் இருந்தாலும் இந்தத் தொகையை முதலில் பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே இன்டர் இரண்டு குரூப்பையும் முடித்து, அதுவரை சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்து, அப்புறம் வேலையை விட்டு ஆர்டிகிள்ஷிப் போவது. இன்டர் முடியவில்லை என்றால் வேலை போகவில்லை. முடிந்தால் துணிந்து இறங்கலாம். ஏற்கனவே ஆடிட்டர் ஆபீஸில் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம், ஏனென்றால் அவர்களுக்கு அந்தச் சம்பளத்துக்கும் ஸ்டைபண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. சொல்லக் கசப்பாக இருந்தாலும் நம்ம பக்கத்து நிலவரம் அதுதான்.

சி.எம்.ஏ. இந்த விஷயத்தில் வேறு மாதிரி. எந்தப் படிப்பும் வேலைக்காரனை நினைத்து உருவாக்கப்படவில்லை என்றாலும், இருப்பதில் இதுதான் நெருக்கம். டிகிரி இருந்தால் நேராக இன்டர். எட்டு பேப்பர், இரண்டு குரூப். ஃபைனலிலும் அதே எட்டு. 15 மாதப் பயிற்சி கட்டாயம். ஆனால் கணக்கு, காஸ்ட், வரி சம்பந்தப்பட்ட வேலையில் ஏற்கனவே இருந்தால் அந்த அனுபவத்தையே சான்றோடு காட்டலாம். வேலையை விட வேண்டிய கட்டமே வராது. வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்குப் போஸ்டல் கோச்சிங்கும் உண்டு.

அதோடு, கஞ்சிக்கோடு ஒரு தொழிற்பேட்டை. உற்பத்தி செய்கிற கம்பெனி 35 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டி, அதன் பொருளும் 2014-ஆம் வருஷத்து விதிகளின் பட்டியலில் இருந்தால், செலவுக் கணக்கு ஏடுகளை வைத்தே ஆக வேண்டும். இன்னும் பெரிய அளவில் காஸ்ட் ஆடிட்டும் வரும், அதில் கையெழுத்துப் போடுகிறவர் காஸ்ட் அக்கவுண்டண்ட். அந்த ஏடுகளுக்கு வேண்டிய எண்களைத் தினமும் எடுத்துக் கொடுப்பது நீங்கள்தானே? அப்படியானால் புத்தகத்தில் பாதியைக் கையால் செய்து பழகியிருக்கிறீர்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். கம்பெனிச் சட்டப்படியான நிதிக் கணக்கு ஆடிட்டும் வருமான வரித் தணிக்கையும் சி.ஏ.வுக்கு மட்டும். ஊரில் போர்டு மாட்டித் தொழில் செய்யும் ஆசை இருப்பவருக்கு சி.எம்.ஏ. கொஞ்சம் ஒல்லியான ஏணி. கம்பெனிக்குள்ளேயே மேலே போக நினைப்பவருக்குப் போதுமானது.

கல்யாணத் தரகர்களுக்கு சி.எம்.ஏ. என்றால் என்ன என்று இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது என்பது தனிப் புகார்.

அமெரிக்க சி.எம்.ஏ. என்று விளம்பரம் போடுகிறார்களே, அது வேறு. இரண்டே பாகம், 500-க்கு 360 எடுத்தால் பாஸ். பன்னாட்டுக் கம்பெனிகளின் பேக் ஆபீஸுக்கு உதவும். இந்தியாவில் காஸ்ட் ஆடிட்டில் கையெழுத்துப் போட உதவாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பணம் கட்டிய பிறகு முழிக்கிறவர்கள் உண்டு. கோச்சிங் சென்டரில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். கம்பெனி செகரட்டரி (சி.எஸ்.) படிப்பு சட்டத்தில் பிடிப்புள்ளவர்களுக்கு. கணக்கில் இருந்துகொண்டு அதற்குப் போவதை நான் சிபாரிசு செய்வதில்லை.

இனி அந்த மாதக் கணக்குக்கு வருகிறேன்.

சின்னக் கம்பெனி ஒன்றின் அக்கவுண்ட்ஸ் அறையில் 20-ஆம் தேதி சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. மாத ரிட்டர்னான 3பி தயார். ஆனால் திருப்பூர் சப்ளையர் ஒருவரின் பில், சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யில் வரவில்லை. அவருக்குப் போன் போட்டால் 'நாளைக்குப் பார்க்கிறேன் சார்' என்பார். வரி கட்ட ஓ.டி.பி. முதலாளியின் போனுக்குப் போகும். முதலாளி குருவாயூரில் கல்யாணத்தில் இருப்பார், போன் சைலண்டில் இருக்கும். போர்டல் சுற்றிக்கொண்டே நிற்கும். அன்று ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பேன் என்று டைம் டேபிள் போட்டவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வரியைக் கட்டுவது), 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி. இவற்றுக்கு முந்தின நாட்களைப் படிப்புக் கணக்கிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள். மாதத்தின் கடைசிப் பத்து நாள்தான் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது.

வருஷக் கணக்கும் இப்படித்தான். சி.ஏ. இன்டர் பரீட்சை இப்போது வருஷத்தில் மூன்று தடவை: ஜனவரி, மே, செப்டம்பர். ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவருக்கு செப்டம்பர் என்பது இல்லாத மாதம். வழக்கமாக 30-ஆம் தேதியோடு வரித் தணிக்கைக் கெடு முடியும், ஆடிட்டரே ஆபீஸில் தூங்குவார், உங்களுக்கு யார் லீவு கொடுப்பார்? மேயும் சுமார்தான், ஏப்ரலில் பேங்க் கிளை ஆடிட் வந்து முக்கியமான வாரங்களைத் தின்றுவிடும். ஜனவரிதான் அவர்களுக்குக் கொஞ்சமாவது இடம் கொடுக்கிற மாதம். அதனால் மூன்று வாய்ப்பு என்று கணக்குப் போடாமல், வருஷத்துக்கு ஒன்றரை வாய்ப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது.

சி.எம்.ஏ. ஜூனிலும் டிசம்பரிலும். ஃபேக்டரிக் கணக்கில் ஏப்ரல் முழுவதும் வருஷ முடிவு, ஸ்டாக் கணக்கெடுப்பு, அப்புறம் ஆடிட்டர் வந்து உட்காருவார். ஜூன் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாதங்கள் அப்படியே போய்விடும். டிசம்பர் வசதி. அக்டோபரில் ரிட்டர்ன் வேலை ஓய்ந்த பிறகு ஆறேழு வாரம் ஓரளவு நிம்மதியாகக் கிடைக்கும். நகைக்கடை, ஜவுளிக்கடைக் கணக்கில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓணம் முதல் தீபாவளி வரை கடையில் கூட்டம்; அவர்கள் ஜூனைப் பார்க்கலாம்.

லீவையும் கவனியுங்கள். சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் என்றால் மூன்று பேப்பர், பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். சி.எம்.ஏ.வில் ஒரு குரூப்புக்கு நான்கு பேப்பர், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு வாரம் முழுக்கப் போகும். நடு நாளில் ஆபீஸுக்கு வந்துவிட்டுப் போகிறேன் என்று மேனேஜரிடம் வீரமாகச் சொல்லாதீர்கள். அந்த நாள்தான் அடுத்த பேப்பரைப் புரட்டுகிற நாள்.

பிரிட்டனின் அக்கவுண்டன்சிப் படிப்பான ஏ.சி.சி.ஏ. இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டையும் அடித்துவிடுகிறது. மொத்தம் 13 பேப்பர், டிகிரியைப் பொறுத்துச் சிலவற்றுக்கு விலக்கு. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருஷத்துக்கு நான்கு தடவை நடக்கிறது. குரூப் என்கிற தொல்லை இல்லை; ஒரு தடவைக்கு ஒரே ஒரு பேப்பர்கூட எழுதலாம், 50 எடுத்தால் அது முடிந்தது. ஒரு நாள் லீவு போதும். மூன்று வருஷ அனுபவம் வேண்டும், நீங்கள் பார்க்கிற வேலையிலேயே அது சேரும். கேரளாவில், முக்கியமாகக் கொச்சிப் பக்கம், இதற்கு இருக்கிற மோகம் வாளையாறுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு இல்லை. துபாயில் மாமா இருக்கிற வீடுகளில் முதலில் வருகிற பேச்சே இதுதான். வளைகுடா வேலைக்கும் கொச்சி இன்ஃபோபார்க் மாதிரி இடங்களுக்கும் நல்லது. இந்தியாவில் ஆடிட் கையெழுத்து உரிமை கிடையாது. ஃபீஸ் பவுண்டில். விலக்கு வாங்கிய பேப்பருக்கும் தனிக் கட்டணம், வருஷா வருஷம் சந்தா. ரூபாய் சரிந்தால் உங்கள் பட்ஜெட்டும் சரியும். வெளிநாடு போகிற எண்ணம் திட்டவட்டமாக இல்லாதவர் அவ்வளவு செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு வித்தியாசத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏ.சி.சி.ஏ. கம்ப்யூட்டரில் எழுதுவது. சி.ஏ.வும் சி.எம்.ஏ.வும் பேனாவில், மூன்று மணி நேரம். நாள் முழுக்க டாலி சாஃப்ட்வேரில் தட்டுகிறவருக்குக் கையெழுத்து என்பதே மறந்துபோயிருக்கும். முதல் மாக் டெஸ்ட்டில் ஒன்றரை மணி நேரம் ஆனதும் கட்டை விரல் இழுத்துக்கொள்ளும். விடை தெரிந்திருந்தும் கடைசிக் கேள்வி வெள்ளையாகக் கிடக்கும். படிக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கை முழுதாக எழுதிப் பார்க்க ஒதுக்குங்கள். அதுவும் ஓடுகிற பஸ்ஸில் முடியாது. கோயம்புத்தூர் மெமு ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் சட்டப் பேப்பர் படிக்கலாம். வாளையாறு, கஞ்சிக்கோடு நடுவில் யானைக்காக ரயில் மெதுவாகப் போகும்போது இரண்டு செக்ஷன் கூடுதலாக ஓடும். கணக்குப் பேப்பருக்கு மேஜை வேண்டும்.

எல்லையில் இருப்பதால் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. 2017 ஜூலை 1-க்கு முன்னால் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரி வரிசை எப்படி நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிச் சோதனைச்சாவடி போனது, வரிசை கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் கடையும் வேலந்தாவளத்தில் குடோனும் வைத்திருக்கிற ஒரே முதலாளிக்கு இரண்டு மாநிலத்தில் இரண்டு ஜி.எஸ்.டி. எண். தன் கடையிலிருந்து தன் குடோனுக்கே சரக்கு அனுப்பினாலும் அது ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) கணக்கு. 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில். சென்னைக்குள்ளேயே வேலை பார்க்கிறவர் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்கிற பாடத்தை நீங்கள் தினம் நாலு தடவை பில் போட்டுப் பார்க்கிறீர்கள். மறைமுக வரிப் பேப்பரில் இதை மதிப்பெண்ணாக மாற்றத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பிலும் அப்படித்தான். கொச்சிக்காரர் மலையாளத்தில் எடுக்கிற ரெகார்டட் கிளாஸும் புரியும், கோவைக்காரர் தமிழில் எடுப்பதும் புரியும். ஆனால் பரீட்சையை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோதான் எழுத முடியும். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குக் கணக்கைவிட ஆடிட்டிங், லா பேப்பர்தான் காலை வாரும். அந்த இரண்டுக்கும் மற்றவர்களைவிட ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எம்.காம்.

எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹையர் செகண்டரியிலோ கல்லூரியிலோ வாத்தியார் வேலைக்கு என்றால் எம்.காம். வேண்டும். கேரளத்து ஹையர் செகண்டரிக்கு அதோடு பி.எட்., செட் தகுதித் தேர்வு, கல்லூரிக்கு 55 சதவீதத்தோடு நெட் தகுதித் தேர்வு. அந்த எண்ணம் இருப்பவர் சி.ஏ., சி.எம்.ஏ. பக்கமே திரும்ப வேண்டாம், எம்.காமை மட்டும் நல்ல மார்க்கோடு முடியுங்கள். 'எம்.காமும் இருக்கட்டும், பேருக்குப் பின்னால் ஒரு பி.ஜி.' என்று மட்டும் நினைப்பவருக்கு ஒரு தகவல்: சி.ஏ., சி.எஸ்., சி.எம்.ஏ. பாஸ் செய்தவரை பி.ஜி. முடித்தவருக்குச் சமமாகக் கருதலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2021-இலேயே சொல்லிவிட்டது. முடிக்கப் போவது உறுதி என்றால் எம்.காம். உங்களுக்கு உபரி. முடியுமோ முடியாதோ என்று பயம் இருந்தால் எம்.காம். ஒரு காப்பு. இரண்டாவதுதான் பெரும்பாலோரின் நிலைமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுநேர வேலையில் இருப்பவருக்கு ரெகுலர் எம்.காம். நடக்காது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷத்துப் படிப்பை நான்கு வருஷம் வரை இழுத்து முடிக்கலாம். கொல்லத்தில் 2020-இல் தொடங்கிய ஸ்ரீநாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தால், பின்னால் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) மூலம் வேலைக்குப் போகும்போது, இரண்டு படிப்பும் சமம் என்கிற ஈக்விவலன்சி சர்டிபிகேட் கேட்பார்கள். வீடு கேரளத்தில், காலேஜ் கோவையில் என்று வளர்ந்த நமக்கு இந்தப் பேப்பருக்கு அலைவது புதிதில்லை. ஆனாலும் சேரும்போதே யோசிக்க வேண்டிய விஷயம். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்த வருஷச் சேர்க்கைக்கு யு.ஜி.சி. அனுமதிப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இங்கேயும் மாதம்தான் வில்லன். இக்னோ பரீட்சை ஜூன், டிசம்பர். சி.எம்.ஏ. ஜூன், டிசம்பர். இரண்டையும் ஒரே வருஷத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாவதாக வேலையும் பார்ப்பேன் என்பது பேராசை. இக்னோவில் அசைன்மென்ட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அது வேறு பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் கழுத்தைப் பிடிக்கும். சி.ஏ. இன்டரோடு சேர்த்தால் ஜனவரி முயற்சிக்கும் ஜூன் பரீட்சைக்கும் இடைவெளி இருக்கிறது. அதனால் வேலை, எம்.காம்., பரீட்சை என்று மூன்றையும் சுமக்கத்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவருக்கு சி.ஏ. இன்டரும் இக்னோவும்தான் கொஞ்சமாவது ஒத்துப்போகிற ஜோடி. ஆர்டிகிள்ஷிப்பில் சேர்ந்த பிறகு எம்.காம். தொடர வேண்டுமானால் ஐ.சி.ஏ.ஐ.யிடம் 112-ஆம் படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சி.எம்.ஏ. எடுப்பவருக்கு நான் சொல்வது, இன்டர் இரண்டு குரூப்பும் முடிகிற வரை எம்.காமைத் தொடாமல் இருப்பது. இன்டர் முடிந்த பிறகு எம்.காம். பாடங்களில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். ஃபைனலைத் தள்ளிப் போட வேண்டிய வருஷம் வந்தால் அப்போது எம்.காமை முடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக எல்லோரும் கேட்பது, ஒரு குரூப்பா இரண்டு குரூப்பா. வேலையில் இல்லாத மாணவருக்கு இரண்டும் சேர்த்து எழுதுவதில் ஒரு ஆதாயம் உண்டு. ஒரு குரூப்பில் மொத்தம் 50-ஐத் தொடாமல் போனாலும், எல்லாப் பேப்பரிலும் 40 இருந்து இரண்டு குரூப்பும் சேர்ந்து 50 வந்துவிட்டால் முழுதாகப் பாஸ். வேலைக்காரருக்கு அந்த ஆதாயத்தைவிட ஆறோ எட்டோ பேப்பரின் பாரம் பெரிது. சி.எம்.ஏ. என்றால் முதல் குரூப்பை டிசம்பரில் எழுதுங்கள். பைனான்ஷியல் அக்கவுண்டிங், வரி, காஸ்ட் அக்கவுண்டிங் மூன்றும் உங்கள் ஆபீஸ் வேலையோடு ஒட்டியவை, லா பேப்பர் ஒன்றுதான் புதிது. லீவு லெட்டரை அக்டோபரிலேயே, பரீட்சை அட்டவணையின் நகலோடு கொடுத்துவிடுங்கள். நவம்பரில் கொடுத்தால், டிசம்பர் 31-க்குள் போட வேண்டிய ஜி.எஸ்.டி. வருஷ ரிட்டர்னைக் காட்டி மேனேஜர் மறுத்துவிடுவார்.